ஆங்கிலம் பேசுவோர் செருமன் மொழி கற்றல்: உறவும் இடரும்

1. தோற்றுவாய்

ஒரு மொழியைப் புதிதாகக் கற்கப் புகுவோன் தன் தாய்மொழியைத் துணையாகக் கொண்டே புகுகின்றான். அத்துணை ஓரிடத்தில் கைகொடுக்கும், பிறிதோரிடத்தில் கால்தடுக்கும். தாய்மொழிக்கும் கற்கப்படும் மொழிக்கும் உறவு நெருங்க நெருங்கக் கல்வி எளிதாகும் என்பது மக்கள் பொதுவாகக் கொண்டுள்ள கருத்து. அக்கருத்து எத்துணை உண்மையுடையது என்பதை ஆராய்தற்கு ஆங்கிலமும் செருமனும் ஏற்ற இணையாகும். இவ்விரண்டும் ஒரு குடும்பத்தில், அக்குடும்பத்திலும் மேலைச் செருமானியம் என்னும் ஒரே கிளையிற் பிறந்தவை. ஆயினும் ஆங்கிலம் பேசுவோர்க்குச் செருமன் அரிய மொழியாகவே தோன்றுகின்றது.

இதற்குச் சான்றாக அமெரிக்க அயலுறவுத் துறையின் பயிற்சிக் கழகம் வகுத்துள்ள பட்டியலைக் காட்டலாம். தாய்மொழியாக ஆங்கிலம் உடையோர் ஒரு மொழியை அலுவலுக்கு வேண்டும் அளவு கற்றுத்தேற எத்தனை வாரம் ஆகும் என்பதை அக்கழகம் தன் நீண்ட பட்டறிவு கொண்டு கணித்துள்ளது. அதன்படி டச்சு, சுவீடிய, நார்வீய மொழிகளுக்கு 24 வாரமும், பிரெஞ்சு மொழிக்கு ஏறத்தாழ 30 வாரமும், செருமனுக்கு ஏறத்தாழ 36 வாரமும் வேண்டும். செருமனோடு ஒரே வகுப்பில் வைக்கப்பட்டிருப்பவை மலாய், இந்தோனேசியம், சுவாகிலி ஆகியவை. இவை ஆங்கிலத்தோடு எவ்வகை உறவும் இல்லாதவை. ஐஸ்லாந்து மொழி செருமானியக் குடும்பத்தைச் சார்ந்ததே. ஆயினும் அது தமிழோடு ஒருங்கு 44 வார வகுப்பில் நிற்கின்றது.

இவ்வெண்களை உற்று நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். உறவு மட்டுமே எளிமையைத் தருவதாயின் டச்சும் செருமனும் ஐஸ்லாந்து மொழியும் ஒருங்கு நிற்றல் வேண்டும், நிற்கவில்லை. டச்சும் சுவீடியமும் நார்வீயமும் ஆங்கிலத்தைப் போலவே பழைய வேற்றுமை உருபுகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டன. செருமன் அவற்றுட் பலவற்றைக் காத்துக்கொண்டது. ஐஸ்லாந்து மொழி அதனினும் மிகுதியாகக் காத்துக்கொண்டது. கற்கும் காலமும் அவ்வரிசையிலேயே ஏறுகின்றது. கற்கும் காலத்தை அளக்கும் காரணங்கள் வேறும் உளவேனும், இவ்வொழுங்கு தற்செயலாக அமைந்தது எனத் தள்ளுதற்கில்லை. ஆகவே, ஆங்கிலம் பேசுவோன் செருமனில் இடர்ப்படுவது அயன்மையால் அன்று. தன் மொழி முன்னர்ப் பெற்றிருந்து பின்னர் இழந்தவற்றை மீண்டும் எதிர்கொள்வதால் என்பதே யாம் ஈண்டு நிறுவப் புகும் கருத்தாகும்.

இக்கட்டுரையில் இருமொழிச் சொற்களும் தமிழ் எழுத்திலேயே தரப்படுகின்றன. ‘ஃப’ என்பது இதழிலும் ‘ஃக’ என்பது அடிநாவிலும் உரசிப் பிறக்கும் ஒலிகளைக் குறிக்கும்.

2. உடன்பிறப்பின் சான்றுகள்

முதற்கண் உறவு தரும் துணையைக் காண்போம். ஆங்கிலேயன் செருமன் நூலைத் திறந்தவுடன் தனக்குப் பழகிய முகங்கள் பலவற்றைக் காண்கின்றான். கை என்பது இரு மொழியிலும் ஏறத்தாழ ஒரே சொல். விரல், வீடு, குளிர்காலம், பொன் ஆகியனவும் அவ்வாறே. ஆனால் வேறு பல சொற்கள் உருத்திரிந்து நிற்கின்றன. அத்திரிபு மனம்போன போக்கில் நிகழ்ந்ததன்று, ஒழுங்குக்கு உட்பட்டது.

‘ஷிப்’ என ஆங்கிலத்தில் வழங்கும் கப்பல் செருமனில் ‘ஷிஃப்’ ஆகும். ‘ஓப்பன்’ என்பது ‘ஒஃபென்’ ஆகும். ‘வாட்டர்’ என்னும் நீர் ‘வஸ்ஸர்’ எனவும், ‘ஈட்’ என்னும் உண்ணல் ‘எஸ்ஸென்’ எனவும் வரும். சொல்லின் முதலில் நிற்கும் டகரம் ‘ட்ஸ்’ என்றாகும்; ‘டென்’ என்னும் பத்து ‘ட்ஸேன்’ என்றும், ‘டங்’ என்னும் நா ‘ட்ஸுங்கெ’ என்றும் வழங்கும். ‘மேக்’ என்னும் செய்தல் ‘மாஃகென்’ ஆகும். ‘புக்’ என்னும் நூல் ‘பூஃக்’ ஆகும். சுருங்கக் கூறின், ஆங்கிலத்தில் பகர டகர ககரங்களாக நிற்கும் ஒலிப்பிலா வல்லொலிகள் செருமனில் உயிரின் பின்னர் உரசொலிகளாக நெகிழ்ந்தன. இம்மாற்றம் ஏறத்தாழ கி.பி. 5-ஆம் நூற்றாண்டுக்கும் 8-ஆம் நூற்றாண்டுக்கும் இடையே செருமன் நிலத்தின் தென்பகுதியில் தோன்றி வடக்கு நோக்கிப் பரவியது. ஆங்கிலேயரின் முன்னோர் அதற்கு முன்னரே, 5-ஆம் நூற்றாண்டில், வடகடற்கரையினின்று பிரித்தானியத் தீவுக்குக் குடிபெயரத் தொடங்கிவிட்டனர். ஆதலின் அவர்தம் மொழி இம்மாற்றத்திற்கு ஆட்படவில்லை. வடசெருமனியில் இன்றும் பேசப்படும் தாழ்நிலச் செருமனும் அதற்கு ஆட்படவில்லை. அங்கு நீர் ‘வாட்டர்’ என்றும், செய்தல் ‘மாக்கென்’ என்றுமே வழங்குகின்றன.

செருமானிய ஒலிமாற்றங்களை வரன்முறைப்படுத்திய பெருமை யாக்கோப் கிரிம் என்பாரைச் சாரும். அவர் தம் செருமன் இலக்கணத்தின் இரண்டாம் பதிப்பில், 1822-இல், அவற்றை விளக்கினார். அவருக்கு முன் 1818-இல் டென்மார்க்கு நாட்டு ராஸ்க் என்பாரும் இவ்வொப்புமைகளுட் பலவற்றைச் சுட்டியிருந்தார். மொழிநூலார் கண்ட இவ்விதி கற்போனுக்கும் ஒரு திறவுகோலாகும். ‘பெப்பர்’ என்னும் மிளகு செருமனில் எவ்வாறு இருக்கும் என வினவின், விதியறிந்த மாணவன் ‘ப்ஃபெஃபர்’ என்று தானே கூறிவிடுவான். நூறு சொற்களை நெட்டுருச் செய்வதினும் ஒரு விதியை அறிவது சிறந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

வினைச்சொல்லிலும் இத்தகைய துணை உண்டு. பாடுதலைக் குறிக்கும் ஆங்கில வினை ‘சிங், சேங், சங்’ என உயிர் மாறி இறந்தகாலம் காட்டும். செருமன் வினையும் ‘ஸிங்கென், ஸங், கெஸுங்கென்’ என அவ்வாறே திரியும். பருகுதல், நீந்துதல், தொடங்குதல் ஆகிய வினைகளும் இத்தகையனவே. ஏனைய நாட்டு மாணவர் வருந்திக் கற்கும் இத்திரிபுகளை ஆங்கிலேயன் தாய்ப்பாலோடு பெற்றிருக்கின்றான்.

3. ஆங்கிலம் இழந்தவை

இத்துணை நெருக்கம் இருந்தும் இடர் நேர்வது ஏன்? இதற்கு விடை ஆங்கிலத்தின் வரலாற்றில் உள்ளது. ஏறத்தாழ கி.பி. 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலம் மூன்று பால்களும் நான்கு வேற்றுமைகளும் உடையதாய் இருந்தது. பெயரடைகள் தாம் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமைகளுக்கு ஏற்பத் திரிந்தன. இன்றைய செருமன் இலக்கணத்தைப் பயின்ற ஒருவன் பழைய ஆங்கில இலக்கணத்தைத் திறப்பானாயின், அறிமுகமான வீட்டில் நுழைந்தது போன்றே உணர்வான்.

பின்னர் அவ்வமைப்புச் சிதைந்தது. சொல்லின் முதலசையில் அழுத்தம் நிலைபெற்றமையால் ஈற்றசைகள் மெலிந்து ஒன்றாயின. வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காந்திநேவியரோடு கலந்து வாழ்ந்தமையும் உருபுகளின் அழிவை விரைவுபடுத்தியது என்பர். 1066-ஆம் ஆண்டு நார்மானியர் வெற்றிக்குப் பின் ஆட்சியும் கல்வியும் பிரெஞ்சு, இலத்தீன் மொழிகளின் வயமாயின. ஆங்கிலம் எழுத்துத் தரத்தின் காவல் இன்றிப் பேச்சுமொழியாய்த் தாழ்ந்து நின்று விரைவில் மாறியது. ஈற்றசை மெலிவு செருமனிலும் நிகழ்ந்தது. ஆனால் அங்குப் பெயரின் ஈற்றில் தேய்ந்த வேற்றுமை, பெயருக்கு முன் நிற்கும் சுட்டடையில் புகலடைந்து உயிர் பிழைத்தது. ஆங்கிலத்திலோ அச்சுட்டடையும் ‘த’ என்னும் ஒரே வடிவாய் உறைந்துவிட்டது.

முன்னிலைப் பெயரும் அத்தகைய ஓர் இழப்பே. 1611-ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில் ‘தௌ’ என்னும் ஒருமை முன்னிலை உயிரோடு உள்ளது. இன்றைய பொதுவழக்கில் அஃது இல்லை. செருமனில் நெருக்கமானோரை ‘டூ’ என்றும் ஏனையோரை ‘ஸீ’ என்றும் விளித்தல் வேண்டும். எவரை எப்போது எவ்வாறு விளிப்பது என்று ஆங்கிலேயன் தடுமாறுவான். ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தைப் பருவத்திலேயே உணர்ந்த நமக்கு அத்தடுமாற்றம் வியப்பாகவே தோன்றும். ‘ஸீ’ என்பது உண்மையில் படர்க்கைப் பன்மை. மதிப்புக் கருதி முன்னிலைக்கு வந்தது. ‘தாம்’ என்பதன்வழி வந்த ‘தாங்கள்’ என்னும் சொல் தமிழில் மதிப்பு முன்னிலையாய் வழங்குவதை இதனோடு ஒப்பிட்டு நோக்குக.

4. பால் பாகுபாடு

செருமனைக் கற்கும் ஆங்கிலேயன் முதன்முதலாக முறையிடுவது பால் குறித்தே. மார்க் டுவெய்ன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1878-இல் ஹைடல்பர்க் நகரில் தங்கிச் செருமன் பயின்றார். 1880-இல் வெளிவந்த தம் பயண நூலின் பின்னிணைப்பாக அம்மொழியின் கொடுமைகளை நகைச்சுவை ததும்ப எழுதினார். பெண்பிள்ளையைக் குறிக்கும் சொல் அலிப்பாலாகவும், கிழங்கைக் குறிக்கும் சொல் பெண்பாலாகவும் இருப்பதை அவர் எள்ளி நகையாடினார். ஆங்கில நாட்டினரும் அமெரிக்கரும் அவர் கூற்றை இன்றும் எடுத்துக்காட்டி மகிழ்வர்.

ஆயினும் அந்நகைப்புக்கு இலக்கணம் விடை கூறும். செருமனில் பால் பொருள்பற்றி மட்டும் அமைவதன்று. சொல்லின் வடிவுபற்றியும் அமைவது. பெண்பிள்ளையைக் குறிக்கும் ‘மேட்ஹென்’ என்னும் சொல்லில் ‘ஹென்’ என்பது சிறுமை காட்டும் பின்னொட்டு. அப்பின்னொட்டுப் பெற்ற பெயர் எதுவாயினும் அலிப்பாலே ஆகும். கிழங்கைக் குறிக்கும் ‘ரூபெ’ எகர ஈற்றது. அவ்வீற்றுப் பெயர்களுட் பெரும்பாலான பெண்பால். ‘உங்’, ‘ஹைட்’, ‘கைட்’, ‘ஷஃப்ட்’ என்னும் பின்னொட்டுப் பெற்ற பண்புப் பெயர்களும் தொழிற்பெயர்களும் பெண்பாலே. இவ்விதிகள் எல்லாப் பெயரையும் அடக்கா. எனினும் கற்போன் சுமையைப் பெரிதும் குறைக்கும்.

இனி, டுவெய்ன் நகைத்த அதே இயல்பு அவர்தம் மொழியின் முன்னைய நிலையிலும் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் மனைவியையும் பெண்ணையும் குறித்த ‘வீஃப்’ என்னும் சொல் அலிப்பால். அதனோடு ‘மன்’ சேர்ந்து உண்டான ‘வீஃப்மன்’ என்னும் சொல்லோ ஆண்பால். இன்று பெண்ணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதன் வழிவந்ததே. ஞாயிறு பழைய ஆங்கிலத்தில் பெண்பால், திங்கள் ஆண்பால். செருமனில் இன்றும் அவ்வாறே. எனவே பால் பாகுபாடு ஆங்கிலேயனுக்குப் புதிய சுமையன்று. அவன் முன்னோர் இறக்கி வைத்த பழைய சுமையே ஆகும்.

தமிழர்க்கும் இது முற்றிலும் அயலானதன்று. தமிழில் திணையும் பாலும் பொருள்பற்றியே அமைவன. எனினும் ‘குழந்தை அழுதது’ என அஃறிணை முடிபு கொடுத்து வழங்குகின்றோம். குழவி, மகவு முதலிய சொற்கள் உயர்திணைப் பொருளை உணர்த்தியும் அஃறிணை முடிபு பெறும் என்பதைத் தொல்காப்பியக் கிளவியாக்கம் எடுத்தோதுகின்றது. குழந்தையைக் குறிக்கும் ‘கின்ட்’ என்னும் செருமன் சொல்லும் அலிப்பாலே.

5. வேற்றுமை

செருமன் வேற்றுமை நான்கு: எழுவாய், செயப்படுபொருள், கொடைப்பொருள், உடைமைப்பொருள். எட்டு வேற்றுமை கண்ட தமிழ் மாணவர்க்கு நான்கு என்பது சிறு தொகையே. ஆயினும் இடர் எண்ணிக்கையில் இல்லை. வடிவக் கலப்பில் உள்ளது. மூன்று பாலும் பன்மையும் ஆகிய நான்கையும் நான்கு வேற்றுமையோடு உறழப் பதினாறு இடங்கள் தோன்றும். அப்பதினாறு இடங்களுக்கும் ‘டேர், டீ, டஸ், டேன், டேம், டெஸ்’ என்னும் ஆறு வடிவங்களே உள்ளன. ‘டேர்’ என்பது ஆண்பால் எழுவாய்க்கும், பெண்பாற் கொடைக்கும், பெண்பால் உடைமைக்கும், பன்மை உடைமைக்கும் உரியது. ஆகவே பெயரின் பாலை அறியாதவன் அதன் வேற்றுமையை அறிய இயலாது. பாலும் வேற்றுமையும் ஒன்றையொன்று பற்றி நிற்றலே இங்குள்ள முடிச்சாகும். தமிழில் ‘ஐ’ உருபு எப்பெயரோடு சேரினும் ‘ஐ’ உருபே. இத்தகைய மயக்கம் எழுதற்கு இடமில்லை.

வேற்றுமையால் விளையும் பயனையும் நோக்குதல் வேண்டும். ‘டேர் ஹுண்ட் பைஸ்ட் டேன் மன்’ எனின் நாய் மனிதனைக் கடிக்கின்றது என்பது பொருள். ‘டேன் மன் பைஸ்ட் டேர் ஹுண்ட்’ எனச் சொற்களை மாற்றினும் பொருள் மாறாது. ‘நாய் மனிதனைக் கடிக்கின்றது’, ‘மனிதனை நாய் கடிக்கின்றது’ என நாம் கூறுமாறு போல்வது இது. ஆங்கிலத்தில் சொற்களை மாற்றினால் மனிதன் நாயைக் கடித்ததாக முடியும். முதற்கண் நின்றதே எழுவாய் என்னும் பழக்கம் ஆங்கிலேயன் உள்ளத்தில் வேரூன்றியிருத்தலால், செருமன் தொடரிலும் முதற்சொல்லையே எழுவாயாகக் கொண்டு பொருள் பிறழ உணர்கின்றான். உருபை நோக்கிப் பொருள் கொள்ளும் பழக்கம் அவனிடம் இல்லை.

ஆயினும் அப்பழக்கத்தின் எச்சம் அவன் மொழியில் அறவே அழிந்துவிடவில்லை. ‘ஹிம்’, ‘ஹூம்’ என்னும் ஆங்கிலப் பெயர்களின் ஈற்று மகரம் பழைய கொடை வேற்றுமையின் மகரமே. ‘ஈம்’ (அவனுக்கு), ‘வேம்’ (யாருக்கு), ‘டேம்’ என்னும் செருமன் வடிவங்களில் அம்மகரம் இன்றும் தன் தொழிலைச் செய்கின்றது. இதனை ஆசிரியர் சுட்டிக்காட்டுவாராயின் மாணவன் கொடை வேற்றுமையை மறவான். அவ்வாறே ‘இன்’ என்னும் முன்னிடைச்சொல் செல்லுதலைக் குறிக்குங்கால் செயப்படுபொருள் வேற்றுமையையும், இருத்தலைக் குறிக்குங்கால் கொடை வேற்றுமையையும் வேண்டும். ‘இன் டீ ஷூலெ’ என்பது ‘பள்ளிக்கு’. ‘இன் டேர் ஷூலெ’ என்பது ‘பள்ளியில்’. ஆங்கிலம் இவ்வேறுபாட்டை ‘இன்ட்டு’, ‘இன்’ என்னும் இரு சொற்களால் காக்கின்றது. காக்கும் முறை வேறு. காக்கப்படும் பொருள் ஒன்றே.

6. வினையின் இடம்

செருமன் தொடரில் வினை நிற்கும் இடம் ஆங்கிலேயர்க்கு அடுத்த இடராகும். தனித்தொடரில் முற்றுவினை எப்போதும் இரண்டாம் உறுப்பாய் நிற்கும். முதலில் எழுவாய் வரினும், காலம் வரினும், இடம் வரினும் வினை தன் இரண்டாம் இடத்தை விடாது. ‘நேற்று – வாங்கினான் – அவன் – அந்நூலை’ என்பது செருமன் முறை. சார்புத்தொடரிலோ வினை இறுதிக்குச் சென்றுவிடும். இதனைத் தமிழ்ச் சொற்களைக் கொண்டே காட்டலாம்.

ஆங்கில முறை: நான் அறிவேன் – என்று – அவன் – வாங்கியிருக்கிறான் – அந்நூலை.

செருமன் முறை: நான் அறிவேன் – என்று – அவன் – அந்நூலை – வாங்கியிருக்கிறான்.

இரண்டாவதில் ‘அவன்’ முதலாகவுள்ள பகுதி தமிழ் முறையே ஆதலைக் காண்க. மேலும், ‘வாங்கியிருக்கிறான்’ என்பதில் ‘வாங்கி’ முன்னும் ‘இருக்கிறான்’ என்னும் துணைவினை பின்னும் நிற்றல் போலவே செருமன் சார்புத்தொடரிலும் எச்சம் முன்னும் துணைவினை பின்னும் நிற்கும். வினை வரும் வரை பொருளை மனத்தில் தாங்கிக் காத்திருத்தல் ஆங்கிலேயர்க்குப் பெருந்துன்பம். தமிழர்க்கோ அஃது அன்றாட வழக்கம்.

இங்கும் ஆங்கிலத்தின் பழமை செருமனோடு ஒத்தே இருந்தது. பழைய ஆங்கிலச் சார்புத்தொடர்களில் வினை இறுதியில் நிற்றல் பெருவழக்கு. வினை இரண்டாமிடத்தில் நிற்பதற்கு இன்றைய ஆங்கிலத்திலும் எச்சம் உண்டு. ‘ஒருபோதும்’ என்னும் பொருள்படும் ‘நெவர்’ தொடரின் முதலில் வரின், துணைவினை எழுவாயை முந்திக்கொண்டு இரண்டாமிடம் பெறும். ‘வந்திருக்கிறான்’ என்பதற்குச் செருமன் ‘இரு’ என்னும் பொருளுடைய துணைவினையைக் கொள்ளும். 1611-ஆம் ஆண்டு விவிலியத்தின் ஆங்கிலமும் ‘வா’ என்னும் வினைக்கு அவ்வாறே கொண்டது.

பிரிந்து நிற்கும் வினைகளைக் குறித்தும் ஆங்கிலேயர் குறை கூறுவர். ‘திருப்பிக் கொடு’ என்னும் செருமன் வினையில் ‘கொடு’ என்பது இரண்டாமிடத்தும் ‘திரும்ப’ என்பது தொடரின் கடையிலும் நிற்கும். ஆனால் அவர்களும் தம் மொழியில் ‘கொடு – அந்நூலை – திரும்ப’ என்றே நாள்தோறும் கூறுகின்றனர். தாம் செய்வதையே பிறர் செய்யக் கண்டு வியக்கும் இந்நிலை, தாய்மொழி இலக்கணத்தை ஆராயாது பேசுவதால் நேர்வதாகும்.

7. ஒத்த சொல்லும் வேறு பொருளும்

இதுகாறும் இழப்பால் விளைந்த இடர்களைக் கண்டோம். உறவே நேராக இடர் செய்யும் இடம் ஒன்றுண்டு. அது சொற்பொருள். முற்றிலும் அயலான சொல்லைக் கண்டவன் அகராதியை நாடுவான். பழகிய சொல்லைக் கண்டவன் நாடான்.

‘கிஃப்ட்’ என்பது ஆங்கிலத்தில் பரிசு, செருமனில் நஞ்சு. கொடுத்தல் என்பதே இதன் மூலப்பொருள். மருந்தாகக் கொடுக்கப்படும் அளவைக் குறித்துப் பின் நஞ்சுக்கு இடக்கரடக்கலாய் நின்றது. மணமகள் கொண்டுவரும் சீரைக் குறிக்கும் ‘மிட்கிஃப்ட்’ என்னும் செருமன் சொல்லில் பழம்பொருள் இன்னும் உள்ளது. ‘டியர்’ என்பது ஆங்கிலத்தில் மான். அதன் உடன்பிறப்பான ‘டீர்’ செருமனில் விலங்கு என்னும் பொதுப்பெயர். ‘ஸ்டார்வ்’ என்பது பசியால் மாளுதல். ‘ஷ்டெர்பென்’ என்பது எவ்வகையாலும் மாளுதல். ‘டைட்’ என்பது கடலின் ஏற்றவற்றம். ‘ட்ஸைட்’ என்பது காலம். ‘டவுன்’ என்பது ஊர்; ‘ட்ஸவுன்’ என்பது வேலி. ‘நைட்’ என்னும் ஆங்கிலச் சொல் ஏவலிளைஞனைக் குறித்துத் தொடங்கி வீரப்பெருந்தகை ஆயிற்று. அதன் இணையான ‘க்னெஹ்ட்’ செருமனில் ஏவலாளாகவே நின்றுவிட்டது.

எதிர்காலம் காட்டும் ‘வில்’ என்னும் ஆங்கிலத் துணைவினை செருமனில் ‘விரும்புகிறேன்’ எனப் பொருள்படும். ‘நான் போவேன்’ என உரைக்கக் கருதிய ஆங்கிலேயன் ‘நான் போக விரும்புகிறேன்’ என உரைத்துவிடுவான். ஆங்கிலத்திலும் விருப்பமே அச்சொல்லின் முதற்பொருள். எதிர்காலம் அதனின்று பிறந்த வழிப்பொருள். இவ்வாறு ஒவ்வொரு சொல்லிணையும் ஒரு வரலாற்றைத் தன்னுள் அடக்கியுள்ளது. நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ தீமணத்தைக் குறிக்க வந்தமையை அறிந்த நமக்கு இவ்வரலாறுகள் எளிதின் விளங்கும்.

தொகைச்சொற்களைக் குறித்து ஒன்று கூறி அமைவாம். ஆங்கிலம் கலைச்சொற்களைப் பெரும்பாலும் பிரெஞ்சு, இலத்தீன், கிரேக்கங்களினின்று கடன்கொண்டது. செருமன் பலவிடத்துத் தன் சொற்களையே இணைத்து ஆக்கிக்கொண்டது. அகராதி ‘சொற்களின் நூல்’, மருத்துவமனை ‘நோயர் இல்லம்’, கையுறை ‘கைச்செருப்பு’, நீரகம் ‘நீர்ப்பொருள்’. தொலைபேசிக்கு ஆக்கிய ‘ஃபெர்ன்ஷ்ப்ரெஹர்’ என்னும் சொல் தமிழ்ச் சொல்லைப் போன்றே தொலைவையும் பேசுதலையும் இணைத்தது. எனினும் இன்று ‘டெலஃபோன்’ என்பதே ஆங்குப் பெருவழக்கு. கூறு பிரித்தால் இத்தொகைகள் தாமே பொருள் விளக்கும். நீளம் கண்டு அஞ்சுதல் வேண்டா.

8. கற்கும் நெறி

இவற்றினின்று கற்பித்தலுக்கு உரிய நெறி யாது? ஆங்கிலப் புலவர் வரலாற்றில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 1798-இல் கோலரிட்ஜும் வேர்ட்ஸ்வொர்த்தும் ஒருங்கே செருமனிக்குச் சென்றனர். வேர்ட்ஸ்வொர்த் தம் தங்கையோடு கோஸ்லார் என்னும் ஊரில் கடுங்குளிரில் ஒதுங்கி வாழ்ந்தார். அரிய கவிதைகளை ஆங்கிலத்தில் இயற்றினார். செருமனில் அவர் பெற்ற தேர்ச்சி சிறிதே. கோலரிட்ஜ் ராட்ஸெபர்க் நகரில் ஒரு சமயகுருவின் இல்லத்தில் தங்கினார். அம்முதியவருடன் நிலவறை முதல் கூரை வரையும், தோட்டத்திலும் தொழுவத்திலும் உலாவி, கண்ணிற்பட்ட ஒவ்வொரு பொருளையும் செருமன் பெயரால் அழைத்துப் பழகியதைத் தம் இலக்கிய வரலாற்று நூலில் (1817) குறிப்பிடுகின்றார். பின்னர் 1799-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தை அடைந்து, செருமானியக் குடும்பத்தின் பழைமை வாய்ந்த கோதிக் மொழியையும் பழஞ்செருமனையும் பயின்றார். 1800-இல் ஷில்லரின் வாலன்ஸ்டைன் நாடகத்தை மொழிபெயர்த்து வெளியிட்டார்.

கோலரிட்ஜ் இரு வழியையும் ஒருங்கு பற்றினார் என்பது கருதத்தக்கது. வழங்கும் மொழியை வாழ்வோரிடமிருந்து கற்றார். அதன் வேரை வரலாற்றிலிருந்து கற்றார். முன்னது நாவுக்குப் பழக்கம் தந்தது. பின்னது அறிவுக்கு விளக்கம் தந்தது. வாய்பாட்டை நெட்டுருச் செய்வித்தல் மட்டுமே இலக்கணம் ஆகாது. ‘ஹிம்’ என்பதன் மகரத்தைக் காட்டிக் கொடை வேற்றுமையை விளக்குதலும், ‘வாட்டர்’ என்பதைக் காட்டி ஒலிமாற்றத்தை விளக்குதலும், மாணவன் தன்பால் உள்ளதைக்கொண்டு இல்லாததை அடையும் வழியாகும்.

9. தமிழ் மாணவர்க்கு

தமிழ்நாட்டில் செருமன் பயில்வோர் பலர் ஆங்கிலவழி நூல்களைக்கொண்டே பயில்கின்றனர். அந்நூல்களுட் பல ஆங்கிலேயரின் இடர்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. வினை இறுதியில் நிற்பதை அவை அரிய செய்தியாகப் பல பக்கங்களில் விரிக்கும். தமிழர்க்கு அது சில வரிகளில் முடியும் செய்தி. வேற்றுமை என்பது யாது என அவை முதலிலிருந்து விளக்கும். நமக்கு அது வேண்டா. சுட்டடையை எங்கு இடுதல், எங்கு விடுதல் என்பதை அவை சுருக்கமாகக் கடந்துவிடும். ஆங்கிலேயனுக்கு அது தன் மொழியிலேயே உண்டு. தமிழில் அத்தகைய சுட்டடை இன்மையின் நமக்கே அது விரிவாக வேண்டும். உயிர் மாறும் வினைகளும் அத்தகையனவே. பிறர் காலுக்கு அளவெடுத்த செருப்பை அணிந்து நடப்பவன் வழியைக் குறை கூறுதல் முறையாகாது.

செருமன் அறிவு தமிழாய்வுக்கு வேண்டாத அணியன்று. சீகன்பால்கு நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை 1708-இல் செருமனில் பெயர்த்தார். கார்ல் கிரவுல் திருக்குறளின் செருமன் பெயர்ப்பை 1856-இல் வெளியிட்டார். பைத்தான் எழுதிய தமிழ் இலக்கணம் 1943-இல் லைப்சிக் நகரிலும், தாமசு லேமன் எழுதிய பழந்தமிழ் இலக்கணம் 1994-இல் ஸ்டுட்கார்ட் நகரிலும் செருமன் மொழியிலேயே வெளிவந்தன. நம் மொழியின் பழைய நிலையைப் பற்றிய நூலை நாம் படிக்க இயலாதிருத்தல் ஆய்வுக்குக் குறையன்றோ?

10. முடிவுரை

ஆங்கிலம் பேசுவோர்க்குச் செருமனில் எளிதாய் இருப்பவை இரு மொழியும் ஒருங்கு காத்தவை. அரிதாய் இருப்பவை பெரும்பாலும் செருமன் காத்து ஆங்கிலம் இழந்தவை. ஏமாற்றுபவை இரு மொழியும் வெவ்வேறு வழியில் வளர்த்தவை. உறவின் அண்மையை மட்டும் அளந்து எளிமையை முடிவு செய்தல் பொருந்தாது. எது நின்றது, எது அழிந்தது, எது திரிந்தது என மூன்றையும் ஆராய்தல் வேண்டும். மலையாளமும் கன்னடமும் தெலுங்கும் கற்கப் புகும் தமிழ் மாணவர்க்கும் இம்மூன்று வினாக்களே வழிகாட்டுவன. தமிழ் இலக்கணக் குறியீடுகளைக்கொண்டு, தமிழர்க்கு எளியதைச் சுருக்கியும் அரியதை விரித்தும் எழுதிய செருமன் இலக்கணம் ஒன்று நம் முதுகலை வகுப்புகளுக்கு வேண்டும். தமிழும் செருமனும் கற்றோர் ஒருங்கு கூடி அப்பணியை மேற்கொள்வார்களாக.